மண் மேடேறிப் போன வருஷம்

முதலில் கிளம்பியது ஊர்க்கவுண்டர் பொன்னுரங்கத்தின் கொல்லை மண்தான். அதுவும் ஒளிந்து மறைந்து இல்லை, பட்டப்பகலில், காலை பஸ் வருகிற நேரத்தில், ஊரே பல் விளக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, உழுது போட்டிருந்த சால் சாலாக எழுந்து, உடம்பை ஒருதரம் உதறிக்கொண்டு, பட்டியைத் திறந்துவிட்ட ஆட்டுமந்தை மாதிரி முண்டியடித்துக்கொண்டு தார் ரோட்டைப் பார்க்க நடந்தது. ரோட்டோரம் வந்ததும் நின்றது. பஸ் போகட்டும் என்று நின்றது. டிரைவரும் மரியாதை தெரிந்த மனுஷன், பிரேக்கைப் போட்டு, "அதுங்க மொதல்ல போவட்டும்" என்று கையைக் காட்டினார். கண்டக்டர்தான் கடுகடுவென்று, "எறங்கி வேடிக்க பாக்கறவங்க இங்கியே இருந்துக்கங்க, எனக்கு டயமாச்சி" என்று விசிலை ஊதினார். மண் முழுக்கக் கடந்து முடிக்க வெகுநேரமானதால் அன்றைக்கு வேலங்கொல்லைப் பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூட வாசலில் முட்டி போட்டார்கள். ஏன் தாமதம் என்று கேட்ட வாத்தியாரிடம் மண் குறுக்கே போனது என்று சொன்னபோது, அவர் எந்தப் பக்கமாகப் போனது என்றுதான் கேட்டாராம்.

மேல்பக்கமாகத்தான் போனது. அதுதான் ஊருக்கு ஆச்சரியமே தவிர, போனது ஆச்சரியமில்லை. வேலங்கொல்லை மலையடிவாரத்துச் சரிவில் இருக்கிற ஊர். ஒவ்வொரு மழைக்கும் மண் ஓடையில் இறங்கி, ஏரியில் சேர்ந்து, ஏரி மேடாகி, அதற்கு மேல் எங்கே போகிறதோ அங்கே போய்க்கொண்டுதான் இருந்தது. செம்மண் தண்ணீர் ஓடையில் திரண்டு ஓடும்போது பார்த்துக்கொண்டு நின்று, "நல்ல மழ" என்று சந்தோஷப்பட்ட ஜனங்கள்தான் இவர்கள். அதையெல்லாம் யாரும் மண் போனதாக நினைத்ததில்லை. ஆனால் இந்த மண் சரிவில் ஏறி, மூச்சு வாங்க ஏறி, மலையை ஒட்டியிருந்த பச்சையம்மாவின் கொல்லைக்குள் புகுந்து, அவள் கல்வரப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

பச்சையம்மாவின் கொல்லைக்கு ஊரில் சோம்பேறிக் கொல்லை என்று பெயர். புருஷன் செத்தபோது எருதுகளும் போய்விட்டன. டிராக்டரைக் கூப்பிடலாம் என்றால் அது உள்ளே வர வரப்புக் கல்லை எடுக்கவேண்டும், அந்தக் கல்லைத் தூக்க அவளுக்கு ஆளும் இல்லை, இடுப்பும் இல்லை. ஆகையால் அவள் உழுவதையே விட்டுவிட்டாள். மழை விழுந்ததும் களைக்கொத்தால் குழி குழியாகக் கொத்தி, ஒன்றில் துவரை, ஒன்றில் அவரை, இடையில் கைக்கு வந்தபடி சாமை என்று போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். அறுத்தபிறகு காய்ந்த தண்டு, தட்டையை யார் சுமப்பது என்று அங்கேயே சாய்த்துவிடுவாள். அது மக்கும், அதன்மேல் அவரைக்கொடி படரும், கொடிக்குள் காடை முட்டையிடும், தேனீ இரையும், எங்கே மண் இருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியாது. இதையெல்லாம் அவள் ஏதோ தெரிந்து செய்தாள் என்று பின்னால் சிலர் கதை கட்டினார்கள். தெரிந்தும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. "ஏர் புடிக்க எனக்கு ஆளில்ல, அவ்ளோதான்" என்று அவளே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள்.

ஊர்க்கவுண்டரின் மண்ணுக்குப் பின்னால் அடுத்த வாரமே வடக்குத்தெரு மண் எல்லாம் கிளம்பியது. அப்புறம் பள்ளத்துக் கொல்லைகள். காலையில் எழுந்து போய்ப் பார்த்தால் நேற்று கொல்லை இருந்த இடத்தில் வழவழவென்று பாறை இருக்கும். பாறையைக் கண்டால் அலறவேண்டாமா? இல்லை, "எங்களுதும் போயிடுச்சி" என்று அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு அடுப்பு பற்றவைத்தார்கள். ஊரே இதை ஒரே மாதிரிதான் எடுத்துக்கொண்டது: கோபித்துக்கொண்டு போயிருக்கிறது, கூப்பிட்டால் வரும்.

புருஷன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன பெண்ணை அழைத்துவர வேலங்கொல்லையில் ஒரு முறை உண்டு. ஊர்க்கவுண்டரும் நாலு பெரிய மனுஷர்களும் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு புடவை வைத்துக்கொண்டு போவார்கள். போனதும் வந்த காரியத்தைச் சொல்லக்கூடாது. மழை மாரி பேசி, காபி குடித்து, அதற்கப்புறம் பெண்ணை முன்னால் கூப்பிட்டு, "உனக்கு என்னம்மா மனக்கஷ்டம்?" என்று கேட்கவேண்டும். அவள் சொல்லச் சொல்லப் புருஷன்காரன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்கவேண்டும். கடைசியில், "இனிமே அப்படி நடக்காது" என்று அவன் வாயால் சொல்லவேண்டும். சொன்னால் பெண் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும்.

அதே மாதிரி போனார்கள். பச்சையம்மா காபி போட்டுக் கொடுத்தாள். வரப்பில் உட்கார்ந்து மழை மாரி பேசினார்கள். வெற்றிலைத் தட்டை மண்ணுக்கு முன்னால் வைத்து, ஊர்க்கவுண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நடந்தது நடந்துபோச்சி, கெளம்புங்க போலாம்" என்றார். மண் அசையவில்லை. பின்னே? என்ன மனக்கஷ்டம் என்று ஒருத்தர் கேட்கவில்லையே. கேட்டால் என்ன சொல்லும் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. சரிவுக்குக் குறுக்கே உழுங்கள், தட்டையைக் கொளுத்தாதீர்கள், கொல்லையை மூடாக்குப் போட்டு மூடி வையுங்கள் என்று விவசாய ஆபீசர் வருஷா வருஷம் வந்து நல்லபடியாகத்தான் சொன்னார், இவர்களும் பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டு நல்லபடியாகத்தான் கேட்டார்கள். வாழைப்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்கள்.

அப்புறம் கூடையிலும் டிராக்டர் பெட்டியிலும் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினார்கள். கொட்டியது மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று மறுபடி மேலே போனது. ஒருத்தன் சிமெண்ட் சாக்கில் கட்டி வைத்தான். சாக்கோடு போனது. பிறகு அதற்கும் ஊர் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் குடும்பத்தோடு மேலே ஏறிப் போய், அவரவர் மண்ணை நிறத்தை வைத்து அடையாளம் கண்டுபிடித்து, பக்கத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், "மண்ணு உங்க கூட இருக்குதா, மேல இருக்குதா?" என்று விசாரித்தார்கள். கிணறுகள் வற்றின, ஏனென்றால் பெய்த மழை பாறைமேல் விழுந்து நிற்காமல் ஓடியது. பச்சையம்மாவின் கிணறு மட்டும் கைக்கு எட்டுகிற மாதிரி ததும்பியது, ஊர்க் குடங்கள் எல்லாம் அங்கே வரிசை கட்டின. மைனாவும் கரிச்சானும் தேனீயும் மண்ணுக்குப் பின்னாலேயே மேலே போய்விட்டதால், வீட்டோரம் இருந்த முருங்கையும் பூசணியும் பூத்துப் பூத்து உதிர்ந்தன, ஒரு பிஞ்சு நிற்கவில்லை. பாதி வாலிபர்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள்.

தீர்த்தகிரியின் மண் மட்டும் வெகுநாள் போகாமல் இருந்தது. பச்சையம்மா அவனுக்கு அண்ணி, செத்துப்போன அண்ணனின் பெண்டாட்டி. அப்பன் சொத்தைப் பிரித்தபோது மேல்பாதி அண்ணனுக்கு, கீழ்பாதி இவனுக்கு. வேலங்கொல்லைக்கு முதல் டிராக்டரைக் கூப்பிட்டு வந்தது தீர்த்தகிரிதான். வண்டி திரும்பத் தோது வேண்டும் என்று கல்வரப்புகளை எல்லாம் பிடுங்கி ரோட்டுக் காண்ட்ராக்டருக்குக் கொடுத்தவனும் அவன்தான். சரிவுக்குக் குறுக்கே ஓட்டினால் வண்டி கவிழ்ந்துவிடும் என்று டிரைவர் சொன்னதால் மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக உழச் சொன்னான். களைக்கு மருந்து அடித்தான், தட்டையைக் கொளுத்தினான். பெருக்கிவிட்ட வாசல் மாதிரி கொல்லை இருக்கவேண்டும் அவனுக்கு, ஒரு சருகு கிடந்தால் ஆகாது. அண்ணியின் கொல்லையைப் பார்த்து, "இது கொல்லையா, குப்பமேடா?" என்று கேட்டுக் கேட்டே அவளோடு பேச்சு நின்றுபோனது.

அந்தச் சுத்தமான கொல்லையின் மூலையில், நுணா மரத்தடியில், அவன் மகள் தர்ஷினி இருந்தாள். நாலு வயசு. மூன்று வருஷத்துக்கு முன்னால் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, அவன் பெண்டாட்டி மாதம்மாவின் மடியில் போய்விட்டாள். வேலங்கொல்லையில் சின்னப் பிள்ளைகளைப் பொதுச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை, சொந்தக் கொல்லையில் ஒரு மூலையில்தான் வைப்பார்கள். மாதம்மா அந்தச் சின்ன மேட்டைச் சுற்றிக் கல் அடுக்கி, துளசி நட்டு வைத்தாள். அந்த வருஷம் உழவுக்கு வந்த டிராக்டர்காரன், கல் பட்டால் கலப்பைக் கொழு உடையும் என்று கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, வண்டியைத் திருப்பும்போது மேட்டின் ஓரமாக ஒரு சால் விட்டான். அடுத்த வருஷம் இன்னும் ஒரு சால் உள்ளே. தீர்த்தகிரி பார்த்துக்கொண்டுதான் நின்றான். வண்டிக்காரனிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, கொல்லை ஒழுங்காக இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். மாதம்மா வீட்டு வாசலிலிருந்து அதைப் பார்த்தாள். முதல் சால் விழுந்த அன்றிலிருந்தே சோற்றைப் போடுவாள், தட்டை வைப்பாள், போய்விடுவாள். பாயை மாட்டுக்கொட்டகைப் பக்கம் விரித்துக்கொண்டாள்.

தீர்த்தகிரியின் மண் கிளம்பிய அன்றைக்கு அவன் டீக்கடையில் இருந்தான். "தீத்தகிரி, உன்னுது கெளம்பிடுச்சி" என்று யாரோ போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். "அப்டியா, சரி" என்றான். எல்லோருக்கும் வந்ததுதானே. டீயை ஊதி ஊதிக் குடித்தான். பாதி டம்ளரில் ஞாபகம் வந்தது. ஐயோ, பிள்ளை! டம்ளரைப் போட்டுவிட்டு, வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் ஓடினான் அந்த மனுஷன்.

அவன் போய்ச் சேர்ந்தபோது கொல்லை பாறையாகிவிட்டிருந்தது. மண்ணின் கடைசிப் பகுதி அண்ணியின் வரப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. மூலையில் நுணா மரமும், அதன் வேரைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டில் அகலத்துக்குக் கொஞ்சம் மண்ணும் மட்டும் இருந்தன. அது போகவில்லை. தீர்த்தகிரி அதன் பக்கத்தில் விழுந்து, மூன்று வருஷமாக அழாததை எல்லாம் சேர்த்து அழுதான்.

அன்றிலிருந்து அவனுக்கு வேறு வேலை இல்லை. பொழுது விடிந்தால் நுணா மரத்தடிக்கு வந்துவிடுவான். தார்ப்பாய் போட்டு மூடினான், அது மூச்சுவிட முடியாமல் உப்பியது, எடுத்துவிட்டான். கயிற்றைக் கட்டினான், பிள்ளையைக் கட்டின மாதிரி இருந்தது, அவிழ்த்துவிட்டான். ஓரங்களில் மண் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பார்ப்பதும், வேர் பிடித்து இழுக்கத் திரும்பி வருவதுமாக இருந்தது. பட்ட வெயிலில் அதற்கு உடம்பு கொதித்தது. ஒருநாள் மத்தியானம் மாதம்மா ஒரு கட்டுப் புங்கந்தழையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவனைப் பார்க்காமல், மண்மேல் தழையைப் பரப்பி, குடத்திலிருந்து தண்ணீரைக் கையால் தெளித்தாள். மண் அடங்கியது.

"மாதம்மா," என்றான் தீர்த்தகிரி. "உனக்கு என்ன மனக்கஷ்டம், சொல்லு."

கேட்டுவிட்டான், கேட்டேவிட்டான். அவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"தெரியாத மாரி கேக்கறியா? வருஷம் ஒரு சாலு. எம்புள்ள காலு வரைக்கும் கலப்பைய வுட்ட. நீ கை கட்டிக்கினு நின்ன. நான் பாத்துக்கினு இருந்தன்."

"தப்புதான்."

"தப்புதானா?" என்றாள் அவள். "எனக்குக் காது கேக்கல, இன்னோரு தடவ சொல்லு."

"தப்பு. நான் பண்ணது தப்பு. இனிமே இந்தக் கொல்லையில கலப்ப எறங்காது."

"எறங்கறதுக்கு இன்னா இருக்குது இங்க?" என்றாள் மாதம்மா. பாறையைச் சுற்றி ஒருதரம் பார்த்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் மறுநாளும் தழை கொண்டு வந்தாள்.

இதற்குள் மேலே வேறொரு வினை வந்துகொண்டிருந்தது. ஒரு ஊர் மண் முழுக்க ஒரே கொல்லையில் தங்கினால் அந்தக் கொல்லை என்னத்துக்கு ஆகும்? பச்சையம்மாவின் நிலம் நாளுக்கு நாள் உப்பியது. துவரை மண்ணுக்குள் முழுகியது, கிணற்றுக் கல்லுக்குமேல் மண் ஏறியது, வீட்டு வாசற்படி மறைந்து, கதவில் பாதி மறைந்து, "என் வூட்டுக்குள்ள நானே திருடியாட்டம் குனிஞ்சிக்கினு போறன்" என்று தண்ணீருக்கு வந்தவர்களிடம் சொல்லி மூக்கைச் சிந்தினாள். கல்வரப்புகள் வயிறு தள்ளி நின்றன. பக்கத்தில் நின்றால் கல்லும் கல்லும் நெறுநெறுவென்று உரசுவது கேட்டது. ஐப்பசி மழைக்கு அது உடைந்தால் மொத்த மண்ணும் சேறாகி ஊர்மேல் இறங்கும், கீழ்த்தெரு இருக்காது.

ஊர்க்கவுண்டர் புளியமரத்தடியில் கூட்டம் போட்டார். போனது போகட்டும், இனிமேல் ஒரு கூடை மண்கூட அங்கே ஏறக்கூடாது என்று தீர்மானம் ஆனது. அவரவர் கொல்லையில் கல் அடுக்கித் தழை பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூப்பிட்டுப் பார்க்கலாமே என்று பின்வரிசையில் யாரோ ஒரு பெண் சொன்னாள். அதற்கு ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஆகுமே என்று எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் வீதம் கையில் தடியோடு பச்சையம்மாவின் வரப்பில் காவல் நின்றார்கள். இந்தக் கையால்தான் வெற்றிலை பாக்குத் தட்டு கொண்டுபோனார்கள், இப்போது அதே கையில் தடி. நல்ல ஜனம்! அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் மண் கேள்விப்பட்டு வந்துகொண்டிருந்தது. வந்த மண்ணை, பயிரில் விழுந்த மாட்டை விரட்டுகிற மாதிரி அடித்து விரட்டினார்கள். அடிபட்ட மண் எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்சநேரம் பாறைமேல் அலைந்துவிட்டு, ஓடையில் இறங்கி, தண்ணீரோடு போய்விடும். போனது போனதுதான், எந்தத் தட்டு வைத்தாலும் திரும்பாது.

இது தெரிந்த அன்றிலிருந்து தீர்த்தகிரி ராத்திரியும் வீட்டுக்குப் போகவில்லை. ஏனென்றால் நுணா மரம் பட்டுக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் அவன் தட்டை கொளுத்திய சூட்டில் ஒரு பக்கம் ஏற்கெனவே வெந்துபோயிருந்தது. இப்போது சுற்றிலும் மண் இல்லாமல் வேர் வெளியே வந்து, காய்ந்து, பிடிமானம் விட்டுக்கொண்டே வந்தது. பிள்ளையின் மண் தினமும் ஒரு விரல் நகர்ந்தது. தழை போட்டும், தண்ணீர் தெளித்தும், இருங்கம்மா, இருங்க சாமி என்று கெஞ்சியும் நகர்ந்தது. மேலே போனால் தடி. கீழே போனால் ஓடை.

ஐப்பசியில் முதல் மேகம் மலையில் இறங்கிய மத்தியானம், தீர்த்தகிரி காவல்காரர்களுக்கு நடுவே புகுந்து அண்ணி வீட்டுக்கு ஏறினான். பச்சையம்மா பாதிக் கதவுக்கு வெளியே குனிந்து வந்தாள். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் நேருக்கு நேர் நின்றார்கள்.

"அண்ணி," என்றான்.

"சொல்லுப்பா."

"தர்ஷிக்கு ஒரு எடம் வேணும். ஒரு கட்டிலு அகலந்தான். ஒரு மூலையில வுட்டுட்டுப் போயிடறன், நான் திரும்பி இந்தப் பக்கங்கூட வரமாட்டன். குப்பமேடுன்னு சொன்னன், என்னென்னவோ சொன்னன். அதையெல்லாம் மனசுல வெச்சிக்காத அண்ணி."

பச்சையம்மா வரப்பைப் பார்த்தாள். கல் நெறுநெறுத்தது. ஒரு கல் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிதுங்கி வெளியே விழுந்து உருண்டது. காவலுக்கு நின்றவர்கள் ஓடிப்போய் அந்த ஓட்டையில் முதுகை வைத்து அடைத்தார்கள்.

"அந்தப் புள்ளைய இந்தக் கையில தூக்கி வெச்சிக்கினு சோறு ஊட்டியிருக்கறன்," என்றாள் பச்சையம்மா. அழுதுகொண்டே சொன்னாள். "வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வருமா? வரல. ஆனா பாரு நீயே. இது தாங்காது தீத்தகிரி. இன்னோரு கை மண்ணு வந்தாலும் ஒடஞ்சி, உன் புள்ளையுஞ் சேந்து கீழத்தெருவுல போய் விழும். எனக்கு என்னா பண்றதுன்னு தெரியல. சத்தியமாத் தெரியல."

அவன் அவளைத் திட்டவில்லை. திட்டலாம் என்று வந்த கோபம் அவள் முகத்தைப் பார்த்ததும் எங்கேயோ போய்விட்டது. இறங்கினான். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சொட்டுச் சொட்டாக ஆரம்பிக்கிற மழை இல்லை, மலையிலிருந்து அப்படியே கவிழ்த்துக் கொட்டுகிற மழை. வழுக்கி விழுந்து எழுந்து, முட்டி கிழிந்து, அவன் கொல்லைக்கு வந்து சேர்ந்தபோது நுணா மரம் சாய்ந்து கிடந்தது.

பிள்ளையின் மண் கிளம்பிவிட்டிருந்தது. மேலே பார்த்துக் கிளம்பவில்லை. மேலே தடிகள் இருப்பது அதற்குத் தெரிந்திருக்கவேண்டும். துளசிச் செடியைத் தலையில் தூக்கிக்கொண்டு, மாதம்மா பரப்பிய தழையையும் இழுத்துக்கொண்டு, வழுக்குப் பாறையில், அவன் மேலும் கீழுமாக உழுத தடத்திலேயே, ஓடையைப் பார்த்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

தீர்த்தகிரி அதைத் தாண்டி ஓடி முன்னால் போய் நின்றான். கையால் தடுத்தான், விரலிடுக்கில் வழிந்தது. வேட்டியை விரித்துத் தடுத்தான், வேட்டியோடு இழுத்தது. அடுக்கலாம் என்று பார்த்தால் கொல்லையில் ஒரு கல் இல்லை, ஒரு கட்டை இல்லை, அவ்வளவு சுத்தமான கொல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு, யோசித்துச் செய்தான் என்று சொல்லமுடியாது, சரிவுக்குக் குறுக்கே அப்படியே நீட்டிப் படுத்துவிட்டான். மேட்டைப் பார்த்து முதுகு, கீழே பார்த்து முகம், பாறையில் கன்னம்.

மண் வந்து அவன் முதுகில் மோதியது. மோதி நின்றது. பிறகு மெல்ல மெல்ல, தூக்கத்தில் அப்பன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும் பிள்ளை மாதிரி, அவன் முதுகு நெடுகச் சாய்ந்துகொண்டது. மூச்சை இழுத்துவிட்டால் எங்கே போய்விடுமோ என்று அரை மூச்சாக விட்டுக்கொண்டு கிடந்தான். தண்ணீர் அவன்மேல் ஏறி வழிந்து போனது, மண் போகவில்லை.

ஆனால் ஒரு ஆள் எவ்வளவு நீளம் இருப்பான்? தலைமாட்டில் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிட்டது. உச்சந்தலையைச் சுற்றிக்கொண்டு செம்மண் கலங்கி, ஒரு நூலாக, பிறகு ஒரு கயிறாக, அவன் கண்ணுக்கு முன்னாலேயே ஓடையைப் பார்த்து ஓடியது. தலையை அந்தப் பக்கம் நகர்த்தினால் கால்மாட்டில் ஓடியது. காலை நீட்டினால் தலைமாட்டில் ஓடியது.

"மாதம்மா!" என்று கத்தினான். "மாதம்மா, புள்ள போவுதுடி!"

மழையில் கூப்பிட்டது யாருக்குக் கேட்கும்? ஆனால் அவள் ஏற்கெனவே தழைக்கட்டோடு வந்துகொண்டிருந்தாள். ரோட்டில் சாக்குப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிலர் நின்று பார்த்தார்கள், ஊர்க்கவுண்டரும் நின்றார். யாரும் இறங்கவில்லை. மாதம்மா பாறையின் விளிம்பில் ஒரு நொடி நின்று, புருஷன் கிடக்கிற கிடையைப் பார்த்தாள், அவன் தலைமாட்டில் ஓடுகிற சிவப்பைப் பார்த்தாள். தழையை அங்கே போட்டாள், தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். மூன்று வருஷமாக அவன் பக்கத்தில் படுக்காதவள், அவன் உச்சந்தலையோடு தன் உச்சந்தலையை முட்டக் கொடுத்து, சரிவுக்குக் குறுக்கே, அவனைப் போலவே மேட்டுக்கு முதுகைக் காட்டி நீட்டிப் படுத்தாள்.

தீர்த்தகிரிக்கு அவள் முகம் தெரியவில்லை, அவள் தலையின் சூடு மட்டும் தெரிந்தது.

"நிக்குதா?" என்றான்.

"நிக்குது," என்றாள் மாதம்மா. "அசையாத."